திடீரென்று வந்தவை அல்ல

"54 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தில் விலங்குகள் திடீரென்று தோன்றின." பல ஆண்டுகளாக மேடைகளில் ஒலிக்கும் வாக்கியம் இது. பரிணாமத்தை மறுப்பவர்களுக்கு இதுவே துருப்புச் சீட்டு. இது தவறு.

டார்வினே இதைக் கண்டு திகைத்தார் என்கிறார்கள். அவர் எழுதியது 1859-இல். அன்று யாரும் பெரிதாகத் தேடிப் பார்த்திராத பாறைகளைச் சாட்சிக்கு இழுப்பது நேர்மையல்ல.

ஓடும் எலும்பும் இல்லாத உடல் கல்லில் பதியாது, அதனால் கேம்பிரியனுக்கு முந்தைய காலத்தைப் பற்றிப் பேசவே முடியாது என்பது அடுத்த வாதம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மிஸ்டேக்கன் பாயிண்ட் என்றொரு கடற்கரைப் பாறை இருக்கிறது. மெமோரியல் பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவர் சிவ பாலக் மிஸ்ரா 1967-இல் அங்கே புதைபடிவங்களைக் கண்டார். சுமார் 56.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடல் தரையில் வேரூன்றியதுபோல் நின்ற மெல்லுடல் உயிர்கள் அவை. எரிமலைச் சாம்பல் இறங்கி, அவற்றை வாழ்ந்த இடத்திலேயே மூடியது. உடல் அழுகுமுன் அதன் வடிவம் அச்சாகிவிட்டது. சில விரற்கடை அளவு, சில ஏறத்தாழ இரண்டு மீட்டர். வயதைச் சொல்வதும் அதே சாம்பல்தான்: அதிலுள்ள சிர்கான் படிகங்களில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவே கணக்கு. மிஸ்ராவின் பெயரைத் தாங்கிய ஃப்ராக்டோஃபுசஸ் மிஸ்ராயியும் அங்கே உண்டு. அந்தப் பேரினத்தில் பெரியவற்றைச் சுற்றிச் சிறியவை நிற்கும் இடைவெளிகளை அளந்து, அருகம்புல்லைப் போல ஓடுதண்டு விட்டுப் பெருகியிருக்க வேண்டும் என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. இனப்பெருக்க முறையைக்கூட ஆராய முடிகிற காலத்தையா 'பேசவே முடியாது' என்பது?

எல்லாம் பாசி, செடி என்று தள்ளுவோரும் உண்டு. வெயில் எட்டாத ஆழத்தில் செடி வளராது. ரஷ்யாவின் வெண்கடற்கரையில் கிடைத்த டிக்கின்சோனியா என்ற உயிரின் படிவங்களில் விலங்குகளின் அடையாளமாகக் கருதப்படும் கொலஸ்டிரால் வகைச் சுவடு இருப்பதை 2018-இல் கண்டறிந்தார்கள். அந்தப் படிவங்களின் வயது 55.8 கோடி ஆண்டு.

கேம்பிரியனில் ஓடுகளும் உடல் வகைகளும் வேகமாகப் பெருகின; அதை நான் மறுக்கவில்லை. தொடக்கம் அங்கே இல்லை. மிஸ்டேக்கன் பாயிண்டை யுனெஸ்கோ 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. பாடம் எழுதுவோரே, மேடை ஏறுவோரே, அந்த 'திடீரென்று' என்ற சொல்லை இனியாவது எடுத்துவிடுங்கள்.