ட்ரிப் ஆவதா பிரச்சினை?

பூந்தமல்லியில் ஒரு எலெக்ட்ரீஷியனைப் பிடிப்பது கஷ்டமே இல்லை. குமணன்சாவடியிலிருந்து கரையான்சாவடி வரை மெட்ரோ தூண்களை ஒட்டியே நடந்தால் போதும். எந்த எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலும் ஒரு செல் நம்பர் கிடைக்கும். ஆனால் பழுது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிற ஒருவரைப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் என் உயிரே போயிருக்கும்.

வீட்டில் கேக்கும் ரொட்டியும் சுட்டு அக்கம்பக்கத்தில் விற்கிறேன். வைத்திருப்பது 2000 வாட் ஓவன். மகள் பிரசவத்துக்கு வந்ததால் மூன்று மாதம் அதைத் தொடவில்லை. மழைக்காலம் முழுக்க மூடியே கிடந்தது. டிசம்பர் முதல் வாரம் கிறிஸ்துமஸ் ஆர்டர் வந்ததும் துடைத்து எடுத்து சுவிட்சைப் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் வீடு முழுக்க இருட்டு. மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டுப் போட்டால் மறுபடி விழுந்தது.

வாங்கின கடைக்குப் போன் போட்டேன். “ஓவன்ல ஒண்ணும் இருக்காதும்மா, உங்க வீட்டு ஒயரிங்கா இருக்கும்” என்றார்கள். வீட்டுக்கு ஒயரிங் செய்தவரைக் கூப்பிட்டேன். “மத்ததெல்லாம் ஓடுதுல்ல? அப்ப ஓவன்தான்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். சர்வீஸ் ஆள் ஒருவர் வந்து எலிமென்டின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்தார். 26 ஓம் காட்டியது. “எலிமென்ட் நல்லாத்தான் இருக்கு. பழைய மாடல், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு வாங்கிடுங்க” என்றார். நல்லாயிருக்கிற பொருளை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை; விசிட் சார்ஜ் பில் மட்டும் இருந்தது.

நாலாவதாக நான் கூப்பிட்டவர்தான் மறக்க முடியாதவர். “இந்த ஆர்.சி.சி.பி. ரொம்ப சென்சிட்டிவ்க்கா. எடுத்துட்டு டைரக்டா குடுத்துடறேன்” என்றார். கூடாது என்றேன். “சரி, வேற வழி பண்றேன்” என்று ஓவனின் பிளக்கைத் திறந்து ஏதோ செய்து மூடினார். ட்ரிப் நின்றது. 400 ரூபாய் வாங்கிக்கொண்டார். நானும் நன்றி சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, ஈரமாகத் துடைத்த தரையில் வெறுங்காலோடு நின்று ஓவன் கதவைத் திறந்தேன். கை முழுக்க வெட்டி இழுத்தது. அதே நொடியில் வீடு இருண்டது. எடுத்துவிடுகிறேன் என்றாரே, அந்த ஆர்.சி.சி.பி.தான் என்னைக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைத் தெரிந்தவர்கள் மூலம் கண்டுபிடித்தேன். 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. அங்கே மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பிளக்கைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே பச்சை ஒயரை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். அதுதான் எர்த். கசிந்த கரண்ட் தரைக்குப் போக இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டார்கள். அது ஓவனின் உடம்பிலேயே நின்று என் கைக்காகக் காத்திருந்திருக்கிறது.

பிறகு மெகர் என்கிற கருவியை எடுத்தார். எலிமென்டின் முனைக்கும் முனைக்கும் அளக்கவில்லை. முனைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்து அளந்தார். ஒரு மெகாஓமுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எலிமென்டின் குழாய்க்குள் நிக்ரோம் கம்பிச்சுருள் இருக்கிறது. அது குழாயைத் தொடாதபடி சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு பொடியை அடைத்திருப்பார்கள். ஓடாமல் கிடந்தால் அந்தப் பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று மாத மழை ஈரம் அதற்குள் இருந்திருக்கிறது. ஒரு முனையில் டெர்மினல் லூசாகிக் கருகியும் இருந்தது.

எலிமென்டைக் கழற்றி வேறொரு ஓவனில் மிதமான சூட்டில் சில மணி நேரம் காயவைத்தார். மறுபடி மெகர் வைத்து அளவு ஏறியதைக் காட்டினார். கருகிய டெர்மினலை மாற்றி, சூடு தாங்கும் ஃபைபர் ஸ்லீவ் ஒயர் போட்டார். புது பிளக்கில் எர்த்தை முறுக்கினார். கேட்ட கூலி 600 ரூபாய். இதற்கா மூன்று வாரம்? இதற்கா பாதி கிறிஸ்துமஸ் ஆர்டரைத் திருப்பி அனுப்பினேன்?

என் ஆற்றாமையெல்லாம் இதுதான். ட்ரிப் ஆவது பழுது இல்லை. பழுது இருக்கிறது என்கிற தகவல். வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தகவலை நிறுத்தத்தான் பார்த்தார்கள். “எம்.சி.பி. இருக்குல்ல, அது போதும்” என்று ஒருவர் சொன்னார். போதாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. கரண்ட் அளவு மீறினால் விழுந்து ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 0.3 நொடிக்குள் விழ வேண்டும். அந்த 30 மில்லி ஆம்பியர், எம்.சி.பி. தாங்குகிற கரண்டில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. மனிதன் சாகிற கரண்ட் எம்.சி.பி.யின் கணக்கிலேயே வராது.

இதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்கம்பியாள் உதவியாளருக்குத் தமிழ்நாடு அரசே தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. ஆனால் வருகிறவரிடம் சான்றிதழ் உண்டா என்று நம்மில் யார் கேட்கிறோம்? கரண்ட் வந்துவிட்டதா, பணத்தைக் கொடு, அனுப்பு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடுகிறவருக்குக் கூலி கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை. தேடினால் காசு இல்லை, நறுக்கினால் 400 ரூபாய் என்றால் எவர்தான் தேடுவார்?

தயவுசெய்து இரண்டு விஷயம் செய்யுங்கள். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். பழுது பார்க்க வருகிறவர் எர்த்தைக் கழற்றுகிறேன் என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த நாலாவது ஆளின் நம்பர் எங்கள் தெருவில் பல வீட்டில் இருக்கிறது. நினைக்க நினைக்கத் தூக்கம் வரவில்லை. பெரியவரைக் கெஞ்சி எதிர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். “எங்க ஃபிரிட்ஜும் முன்னாடி ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சுக்கா, அவர்தான் சரி பண்ணிக் கொடுத்தார்” என்றாள் அந்தப் பெண். பிளக்கைத் திறந்தோம். பச்சை ஒயர் இல்லை. போர்டைத் திறந்தோம். ஆர்.சி.சி.பி.யும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தை நின்றுகொண்டிருந்தது.