டிஸ்கஷன் ரூமுக்கு வெளியே

நூம்பல்காரர்களுக்கு ஷூட்டிங் புதிதல்ல. பொழுது விடியுமுன்பே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் ஈவிபி பக்கம் ஜெனரேட்டர் வண்டியும் யூனிட் வேனும் போகும். விஸ்காம் முடித்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி, உதவி இயக்குநராக அப்படியொரு வேனில் போய்க்கொண்டிருந்தாள். கதை டிஸ்கஷன் லாட்ஜ் அறையில் நடக்கும். இரவு பத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். இவள் ஒன்பதுக்கே வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டும். காலையில் போனால் சீனே மாறியிருக்கும். இவள் கையில் காஸ்ட்யூம் கன்டினியூட்டி நோட்டைக் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது, எப்போதாவது பேட்டா. கடைசியில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

தமிழில் இயக்குநராக இன்றும் பெரும்பாலும் உதவி இயக்குநர் வேலைதான் வழி. சுதா கொங்கராவும் ஹலிதா ஷமீமும் உதவி இயக்குநர்களாக இருந்து வந்தவர்கள்தான். தாக்குப்பிடித்தவர்களைக் கொண்டாடுகிறோம். பாதியில் திரும்பியவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

வேறு வழி உண்டென்று 1986இல் 'ஊமை விழிகள்' காட்டியது. அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்கள் கூடி எடுத்த படம் அது. ஆனால் ஆபாவாணன், அரவிந்தராஜ் என்று அதில் பேர் வாங்கியவர்கள் ஆண்கள். 2002இல் ரேவதி 'மித்ர்' இயக்கியபோது கேமரா ஃபௌசியா பாத்திமா, எடிட்டிங் பீனா பால். இருவரும் புனே திரைப்படக் கல்லூரியில் படித்த பெண்கள். 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய பாயல் கபாடியாவும் அங்கே படித்தவர்தான்.

திரைப்படக் கல்லூரியில் பாடத்தைவிட, படிப்பின் முடிவில் ஒரு மாணவி எடுக்கும் டிப்ளமோ படத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அங்கே ஆக்‌ஷனும் கட்டும் சொல்வது அவள். லென்ஸ் எது, ஷாட் போதுமா என்று எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். சொதப்பினால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். தயாரிப்பாளரிடம் போகும்போது கையில் சொந்தப் படம் ஒன்று இருக்கும். கூடப் படித்தவர்கள் யூனிட்டாகக் கூட நிற்பார்கள்.

அதற்குப் பிறகும் முதல் படத்துக்குப் பணம் வேண்டும். கேரளத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்குப் படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் தருகிறது. 2023இல் வெளியான ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை' அப்படி வந்ததுதான்.

நம்மிடம் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இயக்கப் பிரிவின் இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கட்டும். படித்து முடிக்கும் பெண்களில் இரண்டு பேருக்காவது ஆண்டுதோறும் முதல் படத்துக்கான பணத்தை அரசு கொடுக்கட்டும். வரும் பட்ஜெட்டிலேயே இதை அறிவிக்கலாம்.