ஏரிக்கரையில் ஓர் இரவு

பள்ளி விடுமுறை நெருங்கினால் முகாமுக்கான அனுமதிக் கடிதம் பிள்ளைகளின் புத்தகப் பையில் வீட்டுக்கு வந்து சேரும். அதில் கையெழுத்துக் கேட்டால் தோட்டத்துப் பெற்றோரிடமிருந்து வரும் முதல் கேள்வி இதுதான்: "ஏன் சார், நமக்கு விடிஞ்சா மரம், பொழுது சாஞ்சா மரம். காசு கொடுத்து மரத்தைப் பார்க்கவா பிள்ளையை அனுப்பணும்?"

கேள்வி நியாயமானதே. வேலைக்காட்டில் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாதவருக்கு மரம் என்றால் கூலி, ஏரி என்றால் வழியில் கிடக்கும் தண்ணீர். ஆனால் பிள்ளைக்கு அப்படியல்ல. வரிசை வரிசையாக நட்ட செம்பனையை மட்டுமே கண்ட பிள்ளை, யாரும் நடாமல் தானே வளர்ந்த காட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டாமா?

கிள்ளான் வட்டாரத்தாருக்கு அதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஷா ஆலாமில் புக்கிட் சாஹாயா இருக்கிறது. 1986ஆம் ஆண்டு மலேசிய விவசாயப் பூங்கா என்று தொடங்கி, இன்று தேசியத் தாவரவியல் பூங்கா என்று பெயர் பெற்றிருக்கும் இடம். பரப்பு 817 ஹெக்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 2,000 ஏக்கர். காடும், அணைகட்டித் தேக்கிய ஏரிகளும், மிதிவண்டிப் பாதைகளும் உள்ளே உண்டு. ரப்பரை அறிந்த பிள்ளைக்கு நெல் வயல் எப்படியிருக்கும் என்று காட்டவும் அங்கே இடம் வகுத்தார்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாம், அதற்கு முன் சுங்கை ரெங்கம், பத்து தீகா என்ற பெயர்களில் ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டப் பூமி. அந்த மண்ணில் நம்மவர்களின் வியர்வையும் விழுந்திருக்கிறது. நம் பிள்ளை அங்கே கூச்சத்தோடு ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. தலைநிமிர்ந்து உள்ளே போகலாம்.

இரவு தங்க வசதிப்படாதவர்கள் கோலாலம்பூர் ஏரிப் பூங்காவுக்குப் பகல் பொழுதில் போய் வரலாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரம். 1888இல் ஆல்பிரட் வென்னிங் என்ற அரசாங்கப் பொருளாளர் யோசனை சொல்லி உண்டானது. 1975இல் தாமான் தாசேக் பெர்டானா ஆயிற்று. 2011 முதல் தாவரவியல் பூங்கா. புளிச்சோறும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போனால் ஒரு குடும்பத்துக்குச் செலவு அதிகம் ஆகாது.

ஆனாலும் முகாம் கற்பிக்கும் பாடம் வேறு. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பேடன் பவல் என்பவர் பிரவுன்ஸி தீவுக்குச் சுமார் 20 சிறுவர்களை அழைத்துப் போனார். பணக்காரர் படிக்கும் பள்ளிகளிலிருந்து சிலர். தொழிலாளர் வீடுகளிலிருந்து சிலர். எல்லாரையும் கலந்து குழுக்களாகப் பிரித்தார். சாரணர் இயக்கம் அங்கேதான் முளைத்தது. கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டும்போது யார் வீட்டில் கார் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அடுப்பு மூட்டுவதில் கெட்டிக்காரியாக இருப்பாள்; அன்றிரவு அவளைச் சுற்றித்தான் மற்றவர்கள் நிற்பார்கள். அந்தப் பெருமை அவளை மறுபடி வகுப்புக்குள் பேச வைக்கும்.

இனி, பெற்றோரின் பயத்துக்கு வருவோம். பயப்பட வேண்டியவை மூன்று.

முதலாவது தண்ணீர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி ஏரிக்கென்றே சொன்னது போலிருக்கிறது. அணைகட்டிய ஏரியில் கரையோரம் முழங்கால் அளவு இருக்கும்; அடுத்த அடியில் ஆள் மட்டம். அடியில் சேறு, கரையில் வழுக்கல். நீரில் மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கத்தாது. பெரும்பாலும் சத்தமில்லாமலே உள்ளே போய்விடும். அதனால் கரையில் பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாராவது விழுந்துவிட்டால் நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. கயிறு, நீண்ட கம்பு, மூடிய காலித் தண்ணீர்ப் பாட்டில், எது கிடைத்தாலும் எறியுங்கள், 999க்கு அழையுங்கள். ஒரு உயிருக்காக இரண்டு உயிர் போன கதைகள் நமக்குத் தெரிந்தவைதாமே!

இரண்டாவது இடி. நம் வட்டாரத்தில் பிற்பகல் மழையோடு மின்னலும் அதிகம். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆபத்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. மரத்தடி பாதுகாப்பில்லை, கூடாரமும் பாதுகாப்பில்லை. கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரக் கூடாது.

மூன்றாவது எலி. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலிலுள்ள புண் வழியாகக் காய்ச்சலைக் கொண்டுவரும். புண்ணை மூடிக் கட்டுங்கள். சப்பாத்து இல்லாமல் நடக்க விடாதீர்கள். சாப்பாட்டுப் பொருள்களை இரவில் திறந்து வைக்க வேண்டாம். முகாமிலிருந்து வந்து நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், தசைவலி, கண் சிவப்பு கண்டால் மருந்துக் கடையோடு நின்றுவிடாமல் கிளினிக்குக்குப் போங்கள். "பிள்ளை ஏரிக்கரையில் தங்கி வந்தது" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வழிகாட்டும்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள் அம்மா. இரவில் ஆசிரியை உடன் தங்குகிறாரா? பெண்களின் கூடாரம் தனியே, குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? பூங்காவில் முன்கூட்டியே அனுமதி பெற்றாயிற்றா? எந்த வேளையிலும் அழைக்க ஒரு தொலைபேசி எண் உண்டா? திருப்தியான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிட்டால், மகள் என்பதற்காக மட்டும் மறுக்காதீர்கள். மகனுக்குக் கிடைக்கும் துணிச்சல் மகளுக்கும் வேண்டும். நாளைக்கு அவள் கல்லூரி விடுதியில் தனியாக வாழ வேண்டியவள். அதற்கு முதல் பாடம் ஓர் இரவுதான்.

முகாம் முடிந்து புறப்படும்போது நெகிழிப் பையும் சோற்றுப் பொட்டலமும் அங்கே கிடக்கக் கூடாது. லயத்து வாசலை நாள்தோறும் கூட்டும் வீட்டுப் பிள்ளைகள் தங்கிய இடம், வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். அடுத்த பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளும் அந்தக் கரையில்தானே உட்காரப் போகிறார்கள்!