பாரிஸில் எவ்வட்டாரம்?

அயல்நாடு செல்வோர் பார்க்கவேண்டிய இடங்களை மாதக்கணக்காக ஆராய்வர். படுக்கவேண்டிய இடத்தையோ, புறப்படுவதற்கு மூன்று நாட்களின் முன், விலை ஒன்றையே நோக்கி முடிவு செய்வர். பாரிஸ் மாநகருக்குச் செல்லும் நம்மவரிடத்தும் இவ்வழக்கம் மிகுதியாய் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் எம்மிடம் யோசனை கேட்டு வந்தோர் பலர். "மலிவான இடம் ஒன்று சொல்லுங்கள் சேர்" என்பதே அவர்களது முதற் கேள்வி. எந்த வட்டாரம், எத்தனையாம் மாடி, படிகள் எத்தனை என்று கேட்டவர் ஒருவரேனும் இலர். ஆகையால் இவ்வாரம் இப்பொருள் பற்றியே எழுதத் துணிந்தோம்.

பாரிஸ் இருபது வட்டாரங்களாக வகுக்கப்பட்ட நகரம். முதலாம் வட்டாரம் நடுவிலே, லூவ்ர் அரண்மனை நிற்கும் இடத்தில் உள்ளது. அங்கிருந்து எண்கள் கடிகார முள் சுழலும் திசையில், நத்தையின் ஓட்டைப்போல், சுற்றிச் சுற்றி வெளியே செல்கின்றன. இந்த நத்தைச் சுற்றுக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1860 வரை நகரில் பன்னிரண்டு வட்டாரங்களே இருந்தன. மணம் முடியாது கூடி வாழ்வோரை, "பதின்மூன்றாம் வட்டார மன்றத்தில் மணம் முடித்தோர்" என்று ஊரார் நகையாடுவது வழக்கம். அப்படி ஒரு வட்டாரமே இல்லாமையால். 1860இல் அயற்கிராமங்கள் நகரோடு இணைக்கப்பட்டபோது, பழைய முறைப்படி எண்ணியிருந்தால் செல்வர் வாழும் பாஸிப் பகுதிக்கே அப்பதின்மூன்று வாய்த்திருக்கும். அங்குள்ள பெருமக்கள் பொறுப்பார்களா? எண்ணும் முறையே மாறிற்று. பாஸி பதினாறாம் வட்டாரமாயிற்று. பதின்மூன்று தென்கிழக்கில் ஏழைகள் வாழ்ந்த பகுதிக்குச் சென்றது.

பயணிக்கு இதனால் ஆவது யாதெனில், விடுதியின் தபால் எண்ணைக் கண்ட மாத்திரத்தே அது நகரின் எப்பகுதியில் உள்ளதென்று அறிந்துகொள்ளலாம். 75005 என்றால் ஐந்தாம் வட்டாரம்; 75018 என்றால் பதினெட்டு. எண் 75 என்று தொடங்காது 92 என்றோ 93 என்றோ தொடங்குமாயின், விளம்பரத்தில் "பாரிஸ்" என்று எத்துணைப் பெரிய எழுத்திற் போட்டிருப்பினும், அவ்விடுதி நகர எல்லைக்கு வெளியே உள்ளது என்க. வெளியே இருப்பது குற்றமன்று. 2025 சனவரி முதல், விமான நிலையங்களுக்குச் செல்வது நீங்கலாக, நகரையும் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய பிராந்தியம் முழுவதற்கும் புகையிரதக் கட்டணம் ஒன்றேயாகிவிட்டது. தூரத்துக்காகக் கூடுதற் காசு கொடுக்கவேண்டியதில்லை. கொடுக்கவேண்டியது நேரமே.

தெருக்களின் இலக்கங்களிலும் ஓர் ஒழுங்குண்டு. 1805இல் வகுத்த விதிப்படி, செயின் நதியோடு ஒத்துச் செல்லும் தெருக்களில் இலக்கம் நீரோட்டத்தின் போக்கிலே வளரும். நதியிலிருந்து விலகிச் செல்லும் தெருக்களில் நதிக்கரைப் பக்கமிருந்து தொடங்கும். ஒற்றை எண்கள் இடப்புறம், இரட்டை எண்கள் வலப்புறம். ஆகவே, நதியை விட்டு விலகும் நெடுந்தெரு ஒன்றில் 12ஆம் இலக்கம் கிடைத்தால், இருக்கை ஆற்றுக்கு அண்மையில். 190 என்றால் சற்றுத் தொலைவில். கொழும்பில் ஒழுங்கைகளுள் இலக்கம் தேடிக் களைத்தவர்களுக்கு இது ஒரு பேரின்பம்.

இனி, எங்கே தங்குவது? நதியின் தென்கரையில் ஐந்தாம் வட்டாரம், சோர்போன் பல்கலைக்கழகம் அமைந்த இடம். முன்னாளில் மாணவரும் ஆசிரியரும் லத்தீன் மொழியிற் பேசியமையால் லத்தீன் குடியிருப்பு என்று பெயர். புத்தகக் கடைகளை விரும்புவோர் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. எமக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுவே. வடகரையிலுள்ள மரேய் சதுப்பு நிலம் என்று பொருள்படும் பெயரைக் கொண்டது. பழைய பிரபுக்களின் மாளிகைகள் நிறைந்தது. இரவிற் கூட்டமும் கூச்சலும் கூட நிறைந்தது. மொன்மார்த்ர் குன்று அழகுதான்; ஆயினும் முழங்கால் நோவுள்ளவர் அதனைப் பார்த்துவிட்டு வரலாம், குடியிருக்கக் கூடாது. ஏழாம் வட்டாரத்தில் ஐபல் கோபுரம் உண்டு. விலையும் அதனோடொத்த உயரம்.

வட்டாரத்தை முடிவு செய்தபின் கட்டடத்தை நோக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓஸ்மன் என்னும் நிருவாகி நகரை இடித்துக் கட்டியபோது எழுந்த மாளிகைகள், நிலத்தளத்தின்மேல் ஐந்தாறு மாடிகள் கொண்டவை. கூரைக்கு உள்ளே பணிப்பெண்கள் துயில்வதற்கென்று சிற்றறைகள் அமைத்தனர். இன்று அவற்றுட் பல வாடகை அறைகள். "நகரக் காட்சி தெரியும் எழில்மிகு அறை" என்று விளம்பரஞ் செய்வது பெரும்பாலும் இதனையே. பல கட்டடங்களில் மின்தூக்கி இல்லை. பிற்காலத்தில் மாடிப்படியின் நடுவே செருகிய மின்தூக்கிகளில் ஓர் ஆளும் ஒரு பெட்டியும் நின்றால் கதவு மூடாது. கூரை துத்தநாகத் தகடு. அதனை வேயும் கைவினைக்கு 2024இல் யுனெஸ்கோ நிறுவனம் மரபுரிமைச் சிறப்பு வழங்கியது, தகுதியானதே. ஆயினும் ஆடி, ஆவணி மாதங்களில் அத்தகட்டின்கீழ்ப் படுப்போன் நிலை வேறு. "வெயில் நமக்குப் புதிதா?" என்று நம்மவர் சிரிப்பர். நம் வீடுகள் காற்றோட்டத்திற்காகக் கட்டப்பட்டவை. அவர்தம் வீடுகள் குளிருக்கு அஞ்சி மூடிக் கட்டப்பட்டவை. 2003 ஆகஸ்டு வெப்பத்தில் பிரான்சு தேசத்தில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். அவருட் பெரும்பாலோர் முதியோர். ஆகவே கோடையிற் செல்லும் முதியோர் குளிரூட்டி உண்டா என்று கேட்டறிக. கூரைக்குக் கீழுள்ள அறை வேண்டாம் என்றே சொல்லிவிடுக.

இன்னொன்று. "இருவர் அறை" என்றால் அங்கே ஒரே கட்டில் என்பதே பொதுவான கருத்து; அகலமும் பெரும்பாலும் 140 சதம மீற்றரே. தனித்தனிக் கட்டில் வேண்டுவோர் "இரு கட்டில்" என்று விளங்கச் சொல்லவேண்டும். வாயிலிற் பதித்த சிவப்புப் பலகையின் நட்சத்திரங்கள் அறையின் பரப்பையும் வசதிகளையும் அளப்பன. தெருவின் அமைதியை அளப்பன அல்ல. தெருப்பக்கத்து அறையிலும் முற்றப்பக்கத்து அறை உறக்கத்துக்கு உகந்தது.

நிலத்தடிப் புகையிரதமாகிய மெற்றோ 1900இல் தொடங்கியது. அதன் பெருமையே அதன் குறையும் ஆகும்: பழைய நிலையங்களிற் பெரும்பாலானவற்றில் படிகள், படிகள், மேலும் படிகள். 1998இல் திறந்த பதினான்காம் பாதையில் மாத்திரமே எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. 2024 முதல் அது ஓர்லி விமான நிலையம் வரை செல்கிறது. படியேற முடியாதோர் அப்பாதைக்கு அண்மையிலோ நல்ல பஸ் பாதை ஒன்றின் அருகிலோ தங்குவது நன்று.

இத்துணையும் ஊர் பார்க்கச் செல்வோர்க்கு. நம்மவருட் பலர் செல்வது ஊர் பார்க்க அன்று, பிள்ளையைப் பார்க்க. எம்மோடு படிப்பித்து இளைப்பாறிய நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு மனைவியோடு புறப்பட்டார். மகனைக் கண்டு பதினொரு ஆண்டுகள். பேரப்பிள்ளைகள் இருவரையும் கண்டதே இல்லை. மகன் இருப்பது நகருக்கு வடக்கே, தமிழர் பலர் வாழும் லாக்கூர்நெவ் என்னும் புறநகரில். இரண்டே அறைகள் கொண்ட வீடு, நான்கு பேர். நண்பருக்கு நீரிழிவு; இரவில் மூன்று நான்கு முறை எழும்புபவர். "பிள்ளைகளின் நித்திரையைக் கெடுத்துக்கொண்டு ஒரு மாதம் இருக்கலாமோ? பக்கத்தில் ஓர் அறை எடுத்தால் என்ன?" என்று எழுதினார். மகனுக்கோ கோபம் வந்துவிட்டது. "அப்பாவை ஹோட்டலில் விட்டான் என்று ஊர் சொல்லுமே" என்றானாம். தாயாரோ, பேரப்பிள்ளைகளுக்கு நடுவே பாயில் படுத்தாலும் போதும் என்றார்.

இதனை மானப் பிரச்சினையாகவே மூவரும் கண்டனர். பிரெஞ்சு அரசோ இதனைச் சதுர மீற்றர்க் கணக்காகக் காண்கிறது. உறவினர் வீட்டில் தங்குவதாயின், வீட்டுக்காரர் தம் மாநகர மன்றத்திற் சென்று வரவேற்புச் சான்றிதழ் ஒன்று பெறவேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். வீட்டின் பரப்பையும் தம் வருமானத்தையும் காட்டவேண்டும். இடம் போதாதென்று கண்டால் மன்றத்தார் மறுக்கலாம். விடுதியில் தங்குவதாயின் அறைப் பதிவுச் சான்று போதும். இரண்டிலும் பாதி பாதி எனின், இரண்டுக்கும் சான்று காட்டவேண்டும். வீசாவுக்கு எழுதுமுன்னரே வீட்டில் இது பேசி முடிக்கவேண்டிய விடயம் என்பது இதனால் விளங்கும்.

எங்கே அறை என்பதிலும் நண்பர் முதலில் ஐபல் கோபுரத்தின் பக்கமே நோக்கினார். நாம் வடக்குப் புகையிரத நிலையத்தின் அயலைச் சொன்னோம். விமான நிலையத்திலிருந்து வரும் 'பி' பாதை அங்கே நிற்கும். அங்கிருந்து இரண்டாவது தரிப்பிடம் மகனின் ஊர். விரைவு வண்டிகள் அவ்வூரில் நில்லாமற் போய்விடும். எல்லா இடத்திலும் நிற்கும் வண்டி பார்த்து ஏறவேண்டும். நிலையத்தின் பின்புறம் சிறிது நடந்தால் லாச்சப்பல். 1983இன் பின் வந்த நம்மவர் கடைகள் வரிசையாக உள்ளன. சோறும் கறியும் உண்டு, இடியப்பம் உண்டு. அண்மையில் 1985இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயம். விடியற்காலையில் உடலைத் தூய்மை செய்து கோவிலுக்கு நடந்தே போகக்கூடிய இடம் அந்நகரில் வேறில்லை. அங்கே பணப்பை திருடுவோர் உண்டு, இரவிற் சத்தமும் உண்டு; அவற்றையும் மறையாமற் சொன்னோம்.

தனியார் வீட்டறை எடுப்பதா என்றும் கேட்டார். விலை நயமாகலாம். பாரிஸில் அவ்வாறு வாடகைக்கு விடுவோர் மாநகரசபையிற் பதிந்து, அப்பதிவெண்ணை விளம்பரத்திற் காட்டவேண்டும். தாம் குடியிருக்கும் வீட்டை 2025 முதல் ஆண்டொன்றுக்கு 90 நாட்களே விடலாம். எண் இல்லாத அறைக்கு முற்பணம் அனுப்பவேண்டாம் என்றோம். நீரிழிவுக்காரருக்கு இரவில் வாயிற்காவலர் இருக்கும் விடுதியே மேல் என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

முடிவில், முதல் எட்டு நாட்கள் மகன் வீட்டில். பின் ஒன்பது இரவுகள் விடுதியில், இரண்டாம் மாடி, முற்றப்பக்கம், மின்தூக்கி உண்டு. மீதி நாட்கள் மீண்டும் மகன் வீட்டில் என்று தீர்ந்தது. மூத்த பேரன் விடுதியில் அப்பப்பாவோடு நான்கு இரவுகள் தங்கினானாம். வீட்டில் அவனுக்குத் தனிக் கட்டில் இல்லை.