தீயணைக்கும் படை: அன்றும் இன்றும்

பம்பாய் துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அதன் பெயர் "போர்ட் ஸ்டிகின்". அதில் பஞ்சு மூட்டைகள் இருந்தன. வெடிமருந்தும் இருந்தது.

கப்பலில் தீப்பிடித்தது. தீயணைக்கும் படையினர் விரைந்து வந்து, தண்ணீரைப் பீய்ச்சிப் போராடினார்கள். மாலை 4 மணி அளவில், கப்பல் பயங்கரமாக வெடித்துச் சிதறியது.

தீயை அணைக்க வந்தவர்களில் 66 பேர் மாண்டார்கள்!

இது நடந்தது 14-4-1944 அன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ந் தேதி முதல் 20-ந் தேதி வரை "தீத்தொண்டு வாரம்" நடத்துவது அவர்களின் நினைவாகத்தான்.

அன்று முதல் இன்று வரை, தீயணைக்கும் வண்டிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால், தீயில் உயிர்கள் போவது நிற்கவில்லை. காரணம் என்ன?

மணி அடித்த வண்டி

சென்னையில் தீயணைக்கும் படை 1908-ல் தொடங்கியது. அந்தக் காலத்து வண்டிகளில் பித்தளை மணி இருக்கும். "கண கண" என்று மணி அடித்துக்கொண்டு வண்டி ஓடும். வழியில் போகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். பிறகு, மணி போய் சங்கு வந்தது.

சென்னைக்கு மட்டும் இருந்த படை மற்ற ஊர்களுக்கும் பரவியது. இன்று தமிழ்நாட்டில் 300-க்கும் அதிகமான தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கவும், வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிக்கவும், வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கவும் இந்தப் படைதான் வருகிறது. துறையின் பெயரே "தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறை" என்று ஆகிவிட்டது.

உயர்ந்த ஏணி

சென்னை மவுண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டிடம் 1959-ல் எழுந்தது. உயரம் 177 அடி. 1975-ல் அதில் தீப்பிடித்தது. உயரமான கட்டிடம் எரிந்தால், தரையில் நின்று தண்ணீர் அடித்துப் பயன் இல்லை என்பது நகர மக்களுக்குக் கண் முன்னால் தெரிந்தது.

இன்று சென்னையில் 54 மீட்டர் உயரும் வான் ஏணி வண்டி இருக்கிறது. இது ஏறக்குறைய அந்தக் கட்டிடத்தின் உயரம்!

ஏணி உயர்ந்துவிட்டது. அது மட்டும் போதுமா?

31-5-2017 அன்று, தியாகராயநகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை எரிந்தது. வான் ஏணி வந்தது. ஏராளமான வண்டிகள் வந்தன. அப்படியும் தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உள்ளே எங்கு பார்த்தாலும் துணி. ஒரே புகை. வீரர்கள் உள்ளே நுழையவே பெரும்பாடாகிவிட்டது.

94 குழந்தைகள்

16-7-2004 அன்று கும்பகோணத்தில் நடந்ததை எந்தத் தாயும் மறக்கமாட்டாள். பள்ளிக்கூடச் சமையல் அறையில் பிடித்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரிந்த கூரை, வகுப்பில் இருந்த பிள்ளைகள் மீது சரிந்தது. ஓடித் தப்ப அகலமான படி இல்லை. 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள்.

அங்கே எத்தனை வண்டிகள் வந்திருந்தாலும், அவை வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். குற்றம் கூரையிலும் படிக்கட்டிலும் இருந்தது. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

பெண் அதிகாரி

2003-ல் தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறையில் பெண்கள் உயர் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். "பெண்களால் தீக்குள் போக முடியுமா?" என்ற கேள்விக்கு 16-1-2012 அன்று பதில் கிடைத்தது.

அன்று சென்னை எழிலகத்தில், பழைய மாளிகையான கலசமகால் எரிந்தது. அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் வீரர்களுடன் உள்ளே சென்றார். கூரை இடிந்து விழுந்தது. ஒரு வீரர் உயிர் இழந்தார். பிரியா பலத்த காயம் அடைந்தார்.

தண்ணீர் எத்தனை நிமிடம்?

சாதாரணத் தீயணைப்பு வண்டி ஒன்று சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் கொண்டுவரும். முழு வேகத்தில் அடித்தால், சில நிமிடங்களில் தீர்ந்துபோகும்! பிறகு, அக்கம்பக்கத்தில் உள்ள கிணறும் குளமும் தொட்டியும்தான் கை கொடுக்கவேண்டும்.

வண்டி வர வழியும் வேண்டும். குறுகிய தெருவின் இரண்டு பக்கமும் காரையும் மோட்டார் சைக்கிளையும் நிறுத்திவிட்டால், பெரிய வண்டி எப்படி நுழையும்? கோடிக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய ஏணி தெருமுனையிலேயே நிற்கும்.

எனவே, புது வண்டி வாங்குவது அரசாங்கத்தின் கடமை. அது வர வழி விடுவது நம் கடமை. மாடிப்படியில் சாமான்களை அடுக்கி வைக்கக்கூடாது. ஒரு வாசல் அடைபட்டால், வெளியேற இன்னொரு வாசல் வேண்டும்.

முதல் 5 நிமிடம்

தீப்பிடித்த முதல் 5 நிமிடம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால், தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் தெறித்துத் தீ பரவும். அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டால் மூடுங்கள்.

கியாஸ் வாடை வந்தால், மின்சார சுவிட்சைத் தொடாதீர்கள். சிலிண்டரை மூடிவிட்டு, கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவிடுங்கள்.

சேலையில் தீப்பற்றினால், ஓடாதீர்கள். தரையில் படுத்துப் புரளுங்கள்.

தீ பெரிதானால், உடனே வெளியேறி 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோவில் அல்லது கடையின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும்.

தீயை அணைக்க அவர்கள் பணம் எதுவும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது எல்லாம், கொஞ்சம் வழி!