பச்சைக் கிளையும் காய்ந்த கிளையும்



எங்கள் மதரஸாவில் ஓதும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். வலது முன்கை சற்றே வளைந்து வீங்கியிருந்தது. ஆயினும் விரல்களை அசைத்தான். "அசைக்கிறானே, சுளுக்குத்தான்" என்று கூடியிருந்தோர் தீர்ப்புக் கூறினர். நானும் தலையசைத்தேன். கலைப் பட்டதாரியான எனக்கு அவ்வளவே தெரிந்திருந்தது!

மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டினார்கள். இஷாவுக்குப் பின் வலி தாளாமல் கதறினான். "இறுக்கினால்தான் எலும்பு கூடும்" என்றார் பாட்டியார். விரல்கள் சில்லிட்டு வெளுத்திருப்பதைக் கண்ட அவன் தாயார், எவரையும் கேளாமல் கத்தரியை எடுத்துக் கட்டை வெட்டியெறிந்து, அந்நேரத்திலேயே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்.

அவர் செய்ததே சரி. அடிபட்ட தசை உள்ளே வீங்கும். வெளியே கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்தில் தசை மடியத் தொடங்கும். பின்னர் விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போகும். ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881-இல் இதனை விவரித்தார். கட்டுப் போட்ட பின் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவதும், விரலை நீட்டிவிட்டால் துடிப்பதும், மரத்துப் போவதும் அபாய அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு ஒருபுறம் பிளந்து, மறுபுறம் வளைந்து நின்றது. பச்சைக் கிளையை ஒடித்துப் பாருங்கள். இரண்டாக விழாது, நார் விட்டுத் தொங்கும். குழந்தைகளின் எலும்பும் அவ்வாறே. ஆகவேதான் இதற்குப் 'பச்சைக்கொம்பு முறிவு' என்று பெயர். விரல் அசைவதைக் கொண்டு முறிவில்லை என்று முடிவு செய்வது எத்தனை தவறு! பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்குரிய குருத்துத் தட்டு உண்டு. அதில் முறிவு ஏற்பட்டுக் கவனிக்காது விட்டால், கையோ காலோ குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும்.

வளர்ந்தோரின் எலும்பு, காய்ந்த கிளை. நேரடி அடியில் குறுக்காகவும், முறுக்கில் சுருளாகவும் முறியும்; வாகன விபத்தில் பல துண்டுகளாக நொறுங்கும். இவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் பாடு. நாம் அறிய வேண்டியது, தோல் கிழிந்ததா என்பதே. கிழிந்திருந்தால் அது திறந்த முறிவு; எலும்பு வரை கிருமி புகும். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, அசையாமல் தாங்கி, விரைந்து கொண்டு செல்லுங்கள்.

முதியோர் செய்தி வேறு. எலும்பு மெலிந்த பெண்மணி உளூச் செய்யும் இடத்தில் வழுக்கிக் கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். அயர்லாந்தின் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் எழுதியது இதைத்தான். இடுப்பருகே தொடையெலும்பு முறிந்தாலோ, பெரும்பாலும் அந்தக் கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடக்கும். எண்ணெய் தேய்த்துப் படுக்க வைப்பது நம் வீடுகளின் வழக்கம். படுக்கைப்புண்ணும் நுரையீரல் சளியும் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும். உடல்நிலை இடங்கொடுத்தால் ஓரிரு நாளில் அறுவை செய்து எழுந்து நடக்க வைப்பதே இன்றைய முறை. "இந்த வயதில் ஆபரேஷனா?" என்று நாள் கடத்தாதீர்கள்.

இத்துறை நமக்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூசியாவில் வாழ்ந்த அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவி, 30 பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியில் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் தனிப்பிரிவே ஒதுக்கியுள்ளார்.

சிறுவனுக்கு எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் இடக்கையால் கிறுக்கிக்கொண்டிருந்தவன், இப்போது வலக்கையால் எழுதுகிறான். எழுத்து முன்பும் அழகாக இருந்ததில்லை. அந்தக் கொய்யா மரத்தில் ஏறுவதை மட்டும் இன்னும் விடவில்லை.