ஃபெசன்ட் வேட்டைக்கு 28 கேஜ் போதுமா?

வயது எழுபதைத் தொட்டதும் 12 கேஜ் துப்பாக்கி தோளை இடிக்கிறது என்று சொல்லாத நண்பர் இல்லை. "20-க்கோ 28-க்கோ இறங்கிவிடுங்களேன்" என்றால், "அதில் ஃபெசன்ட் விழுமா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். விழும் என்பதே என் கட்சி. தூரத்தில் மட்டும் ஆசைப்படக் கூடாது.

கேஜ் வேறு, கெஜம் வேறு. ஒரு பவுண்டு ஈயத்தைக் குழலின் வாய்க்குச் சரியான உருண்டைகளாக்கினால் எத்தனை தேறுமோ, அதுதான் கேஜ். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12-இல் ஒன்றேகால் அவுன்ஸ் ரவை போடுகிறோம். 28-இல் வழக்கமாக முக்கால் அவுன்ஸ்தான். 6-ஆம் நம்பர் ஈய ரவை அவுன்சுக்குச் சுமார் 225 வரும். ஆக, அங்கே 280. இங்கே 170-க்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு ரவையும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகிறது. குறைவது எண்ணிக்கை. அதனால் முப்பது கெஜத்துக்கு மேல் ரவைக் கூட்டம் கலைந்து, ஒன்றிரண்டு மட்டும் பட்டு, பறவை புல்லுக்குள் ஓடி ஒளிந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

28-க்கு 6-ஆம் நம்பர், ஒரு அவுன்ஸ் போடும் 20-க்கு 5-ஆம் நம்பர். 28-இல் 4-ஆம் நம்பர் போட்டால் நூறு ரவைதான்; நடுவில் பறவையே நுழைந்துவிடும் அளவுக்கு ஓட்டை. .410-ஐ முயலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் தெற்கு டகோட்டாவில் விரட்டுப்பட்டுப் பழகிய சேவல்கள் நாற்பது கெஜத்திலேயே எழும்பும். அன்றைக்கு 28-ஐ வீட்டில் விட்டுவிட வேண்டியதுதான். (ஒரு நாளைக்கு மூன்று சேவல்தான் அனுமதி. அதற்கு எதற்கு இத்தனை பீரங்கி?)

12 கேஜ் தோட்டாவை வீட்டில் நிரப்புவதில் பெரிய லாபமில்லை, கடையிலேயே மலிவு. 28-இல்தான் மிச்சம். பழைய பிரைமரைத் தட்டி எடுத்துப் புதியதை வைத்து, மருந்து, வாட், ரவை என்று வரிசையாகப் போட்டு வாயை மடிப்பது ஓய்வுபெற்றவருக்கு ஏற்ற வேலை. எனக்கு எரிச்சலூட்டுவது, "இந்த வாட் இல்லாவிட்டால் அந்த வாட்" என்னும் போக்கு. இது சாம்பார் அல்ல. சின்னக் கூட்டுக்குள் இடம் குறைவு. பிரைமரை மட்டும் மாற்றினாலும் அழுத்தம் மாறும். மருந்து நிறுவனத்தின் அட்டவணையில் உள்ள கூடு, பிரைமர், வாட், ரவை எடை நான்கும் அப்படியே இருக்க வேண்டும். மருந்தைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், கருவி அளந்து கொட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். ஈயத்துக்கான அளவில் இரும்பு ரவையை ஒருபோதும் போடாதீர்கள். ஈயம் தடைசெய்யப்பட்ட நீர்ப்பறவை நிலங்களுக்கு நான் கடையில் விற்கும் பிஸ்மத் தோட்டாவைத்தான் கொண்டுபோகிறேன்.

20-க்கு மாறுகிறவர் வீட்டில் பழைய 12-உம் இருக்கும். 20 தோட்டா மஞ்சளாக இருப்பது அழகுக்கு அல்ல. அது 12 குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து மேலே ஒரு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் எடுத்துப் போகாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின இரவே வேட்டைச் சட்டையின் பைகளைக் கவிழ்த்து உதறிவிடுங்கள்.